தாத்தாவின் நாலு பதக்கம்: சம்பளம் கொடுத்தது யார்?

கேள்வி: என் அம்மாவின் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், 1979-இல் இறந்துவிட்டார். அண்மையில் மாமா வீடு மாறும்போது தாத்தாவின் தகரப் பெட்டியில் நாலு பதக்கங்கள் கிடைத்தன. இரண்டு நட்சத்திர வடிவம், இரண்டு வட்டம். நாடாக்கள் நைந்து போயிருக்கின்றன. அம்மாச்சி உயிரோடு இருந்தபோது, தாத்தா நேதாஜி படையில் இருந்தார் என்பார். மாமாவோ அவர் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காரர் என்று அடித்துச் சொல்கிறார். யுத்தம் முடிந்த பிறகு, மெட்ராஸிலிருந்து வரும் ரஜுலா கப்பலில் இங்கே வந்து இறங்கினார் என்பது மட்டும் இருவரும் ஒத்துக்கொள்ளும் விஷயம். அவர் எந்தப் படையில் இருந்தார், என்ன செய்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதக்கங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா? ஒருவர் நாலையும் விலைக்குக் கேட்கிறார். அரசாங்கத்திடமிருந்து ஏதாவது உதவித்தொகை கிடைக்குமா? படங்கள் இணைத்திருக்கிறேன். — செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

வணக்கம் சகோதரி.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் போடும் புளியும் வேண்டாம், விபூதியும் வேண்டாம், கடையில் விற்கும் பித்தளை பாலிஷும் வேண்டாம். பதக்கத்தில் நமக்கு வேண்டியது பளபளப்பு இல்லை, அதில் பொறித்திருக்கும் எழுத்துகள்தான், அவை அவ்வளவு ஆழமாகப் பொறிக்கப்பட்டவை அல்ல, நாலு தடவை நன்றாகத் தேய்த்தால் ஓர் எண் போய்விடும், எண் போனால் உங்கள் தாத்தாவைத் தேடும் வழியும் பாதி அடைபட்டுவிடும். மென்மையான உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும். நைந்த நாடாவையும் தூக்கிப் போடாதீர்கள், புது நாடா வாங்கி மாட்டினாலும் பழையதைப் பத்திரமாக வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து வைப்பது கெடுதல். அமிலம் இல்லாத தாளில் தனித்தனியாகச் சுற்றி, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஒன்றோடொன்று உரசாமல் வைத்தால் சரி.

விலைக்குக் கேட்கிறவரிடம் இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். உங்கள் குடும்பத்துச் சொத்து, விற்பதும் விற்காததும் உங்கள் இஷ்டம், ஆனால் அவை யாருடையவை, எதற்காகக் கிடைத்தவை என்று தெரிவதற்கு முன்னால் விற்கவே கூடாது, அதிலும் நாலில் இரண்டை மட்டும் பிரித்துக் கொடுப்பது பெரிய பாவம். ஒரு மனிதனின் பதக்கங்கள் சேர்ந்து இருக்கும்போதுதான் அவன் கதை அதில் இருக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த வேலையில் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? பட்டாளத்துக் காகிதம் எப்போதும் சம்பளம் கொடுத்தவன் கையில்தான் இருக்கும். அவர் சண்டை போட்டது பேராக்கில் இருக்கலாம், சிறைப்பட்டது சிங்கப்பூரில் இருக்கலாம், பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கலாம், ஆனால் அவரைச் சேர்த்த தேதி, அப்பா பெயர், ஊர், விடுவித்த தேதி எல்லாம் அவருக்குச் சம்பளப் பட்டியல் போட்ட அலுவலகத்தில்தான் தேட வேண்டும். நம் மக்களில் பலர் நேராக லண்டனுக்கு எழுதுகிறார்கள், அல்லது காசு கட்டும் இணையதளங்களில் மாதக்கணக்காகத் தேடுகிறார்கள், ஒன்றும் வராமல் தாத்தா சொன்னதே பொய்யோ என்று மனம் உடைந்து போகிறார்கள். கதவு மாறித் தட்டியதுதான் காரணம்.

உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு நட்சத்திரங்களுக்கும் ஆறு முனை, நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகள், அதைச் சுற்றியிருக்கும் வளையத்தில் நட்சத்திரத்தின் பெயர். ஒன்றில் 1939–1945 ஸ்டார் என்று இருக்கிறது, இன்னொன்றில் பசிபிக் ஸ்டார். நாடாவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், எத்தனையோ வீடுகளில் யாரோ பிற்பாடு மாற்றிக் கோத்திருப்பார்கள், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது: கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சம அகலத்தில் இருக்கும் நாடா 1939–1945 ஸ்டாருக்கு உரியது, அது இப்போது பசிபிக் ஸ்டாரில் தொங்குகிறது. ஓரத்தில் சிவப்பும் நடுவில் மஞ்சளும் ஓடும் பச்சை நாடாதான் பசிபிக்குக்கு.

வட்டப் பதக்கங்களில் ஒன்று, சிங்கம் ஒன்று இரட்டைத் தலை டிராகன் மேல் ஏறி நிற்பது, அது போர்ப் பதக்கம் 1939–45. இன்னொன்றில் ராணி எலிசபெத் முகம், பின்பக்கம் சிறகுள்ள பெண் உருவம், ஊதா நாடாவின் நடுவில் பச்சைக் கோடு, மேலே சின்னப் பட்டையில் மலாயா என்று எழுத்து. இது பொதுச் சேவைப் பதக்கம், இரண்டாம் உலகப் போருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மலாயா பட்டை 16 ஜூன் 1948 முதல் 31 ஜூலை 1960 வரை, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக நடந்த அவசர காலச் சேவைக்குக் கொடுத்தது. அந்த முதல் தேதியில்தான் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மன்னர் முகம் இல்லாமல் ராணி முகம் இருப்பதால், இந்தப் பதக்கம் அடிக்கப்பட்டது 1952-க்குப் பிறகு. ஆக, உங்கள் தாத்தா வாழ்க்கையில் இரண்டு தடவை சீருடை போட்டவர். மாமாவுக்கும் அம்மாச்சிக்கும் நடந்த வாக்குவாதத்தில் இந்த இரண்டாவது சீருடையைப் பற்றிப் பேச்சே இல்லை பாருங்கள்.

இப்போது முக்கியமான இடம். பசிபிக் ஸ்டாரின் பின்பக்கப் படத்தில், கீழ்ப் பகுதியில், ஓர் எண் வரிசையும் அதைத் தொடர்ந்து எஸ்.பி.ஆர். என்ற மூன்று எழுத்தும் தெரிகின்றன, அப்புறம் பெயரின் முதல் இரண்டு எழுத்து, மீதி நிழலில் போய்விட்டது. இதைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் தன் சொந்தப் படையினருக்கு இந்த நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமல் வெறுமனே கொடுத்தது. இந்திய ராணுவம், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகியவைதான் பெயரும் எண்ணும் பொறித்துக் கொடுத்தன. எனவே பொறித்த எழுத்து இருப்பதே, முதல் சம்பளக்காரன் இந்திய ராணுவம் என்று சொல்லிவிடுகிறது. எஸ்.பி.ஆர். என்பது சாப்பர், அதாவது பொறியியல் பிரிவுச் சிப்பாய். அன்றைய இந்திய ராணுவத்தில் சாப்பர்களுக்கு மூன்று பெரிய குழுக்கள்: வங்காளக் குழு ரூர்க்கியில், பம்பாய்க் குழு புனேக்குப் பக்கத்தில் கிர்க்கியில், மெட்ராஸ் குழு பெங்களூரில். தமிழ்ப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸில். கொல்லன், தச்சன், கொத்தன், ஃபிட்டர் என்று கைத்தொழில் தெரிந்தவர்களை விரும்பிச் சேர்த்துக்கொண்ட படை அது. பின்னாளில் உங்கள் தாத்தா செந்தூல் பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்த்தார் என்பதோடு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள்.

பசிபிக் ஸ்டாரும் சும்மா வரவில்லை. இந்திய ராணுவத்துத் தரைப்படைச் சிப்பாய்க்கு அது வந்திருந்தால், ஜப்பான்காரன் வந்து இறங்கிய 8 டிசம்பர் 1941-க்கும் சிங்கப்பூர் விழுந்த 15 பிப்ரவரி 1942-க்கும் இடையில் அவர் மலாயாவில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய வழி. ஹாங்காங்கில் இருந்தவர்களுக்கும் கிடைத்தது, ஆனால் உங்கள் குடும்பக் கதையில் ஹாங்காங் எங்கும் வரவில்லை. பிறகு பர்மாவில் போய்ச் சண்டை போட்டிருந்தால் பசிபிக் நாடாவில் பர்மா என்ற பட்டை ஏறியிருக்கும், அதுவும் இல்லை. ஆக அவர் அந்த எழுபது நாள் பின்வாங்கலில் இருந்தவர், சிங்கப்பூரில் சிறைப்பட்டவர் என்று வைத்துக்கொண்டு தேடலாம். பிறகு காகிதம் வேறு சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

அந்த எழுபது நாளில் ஒரு சாப்பர் என்ன செய்தார்? ஜித்ரா, கம்பார், சிலிம் ரிவர் என்று படை ஒவ்வோர் இடமாகத் தெற்கே பின்வாங்கும்போது, எல்லாரும் பாலத்தைக் கடந்து போன பிறகு கடைசியாக நின்று அந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்ப்பது சாப்பர் வேலை. சீக்கிரம் வெடித்தால் நம் ஆட்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வார்கள், தாமதித்தால் ஜப்பான்காரன் டாங்கியோடு ஏறி வந்துவிடுவான். 7 ஜனவரி 1942-இல் சிலிம் ரிவரில் அப்படித்தான் ஆனது, பாலங்கள் தகர்க்கப்படுவதற்கு முன்பே ஜப்பானிய டாங்கிகள் வந்து சேர்ந்துவிட்டன, நாலு நாளில் கோலாலம்பூர் விழுந்தது. உங்கள் தாத்தா இந்தப் பாலத்தில்தான் நின்றார் என்று நான் சொல்லவில்லை. அவர் எந்தக் கம்பெனியில், அதாவது எந்தச் சிறு படைப்பிரிவில், இருந்தார் என்று தெரிந்தால், அந்தக் கம்பெனியின் போர் நாட்குறிப்பை லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் தேடலாம். முதல் சீருடை விஷயத்தில் லண்டன் உங்களுக்குப் பயன்படும் இடம் அதுதான், அதுவும் கம்பெனி எண் கைக்கு வந்த பிறகு.

அம்மாச்சி சொன்ன நேதாஜி படைக்கு வருகிறேன், இதைத்தான் உங்கள் வீட்டில் மிகவும் பத்திரமாகக் கையாள வேண்டும்.

17 பிப்ரவரி 1942-இல் சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஒன்றாக நிறுத்தி, பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கேயே கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்துக்கு (ஐ.என்.ஏ.) ஆள் கேட்டார். ஒரு பகுதியினர் சேர்ந்தார்கள், ஒரு பகுதியினர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலரை நியூ கினி போன்ற தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கப்பலேற்றினார்கள், அங்கே பசியிலும் அடியிலும் செத்தவர்கள் ஏராளம். அந்த முதல் ஐ.என்.ஏ. 1942 டிசம்பரிலேயே கலைந்துவிட்டது, மோகன் சிங்கை ஜப்பானியரே கைது செய்தார்கள், அப்போது வெளியே வந்து மறுபடியும் போர்க்கைதியாகப் போனவர்களும் உண்டு. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த பிறகு எழுந்தது இரண்டாவது ஐ.என்.ஏ., அதில்தான் நம் தோட்டத்துத் தமிழர்கள், கடைப் பையன்கள், ஜான்சி ராணிப் படையில் நம் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மாமா சொல்வதும் அம்மாச்சி சொன்னதும் ஒரே ஆளின் வாழ்க்கையில் அடுத்தடுத்து நடந்திருக்கலாம். வெள்ளைக்காரன் சம்பளத்தில் வந்து, சிறைப்பட்டு, ஐ.என்.ஏ. தொப்பி போட்டவர்கள் மலாயா முழுக்க இருந்தார்கள். அதே சமயம் பெயர் பொறித்த நட்சத்திரங்கள் உங்கள் கையில் இருப்பதையும் மறக்கக் கூடாது. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் ஐ.என்.ஏ.வில் இருந்த சிப்பாய்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தார்கள். கறுப்பில் விழுந்தவர்களைப் படையிலிருந்து நீக்கி, சிறைப்பட்ட காலத்துச் சம்பளத்தையும் பறித்தார்கள். அப்படி நீக்கப்பட்டவருக்குப் பதக்கம் பொறித்து அனுப்பியிருப்பார்கள் என்று நம்புவது கடினம். எனவே தாத்தா சேராமல் இருந்திருக்கலாம், முதல் ஐ.என்.ஏ.வில் மட்டும் கொஞ்ச காலம் இருந்து வெளியே வந்திருக்கலாம், அல்லது விசாரணையில் வெள்ளை என்று எழுதப்பட்டிருக்கலாம். இந்த மூன்றில் எது வந்தாலும் அவருக்கு அவமானம் இல்லை. திடலில் நிற்கும் இருபது சொச்சம் வயதுப் பையன், ஊரில் அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாதவன், எந்தப் பக்கம் காலெடுத்து வைத்தாலும் சாவு தெரியும் நேரத்தில் எடுத்த முடிவு அது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு நாம் அதற்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது. மாமாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

தேடும் வழி இப்படி. முதல் கடிதம் பெங்களூருக்கு. மெட்ராஸ் சாப்பர்ஸ் இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில் அதே ஊரில் இருக்கிறது, அதன் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்: பென்ஷன் வாங்காத சிப்பாயின் சேவைக் கோப்பை விடுவித்த 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவது இந்திய ராணுவத்தின் நடைமுறை. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பேரேடு நிரந்தரமாக இருக்கும், அதில் எண், பெயர், ஊர், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, விடுவித்த காரணம் மாதிரி ஒன்றிரண்டு வரி கிடைத்தாலே நமக்குப் பெரிய விஷயம். அதனால் கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல், லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும் என்று மறுபடி எழுதுங்கள். முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

மலேசியக் குடிமக்கள் இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட முடியாது, அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் உள்ள உரிமை. தாத்தாவின் ஊரில் இன்னும் சொந்தம் இருந்தால், பெரியப்பா மகனோ அத்தை பேரனோ யாராவது ஒருவர், அவர்கள் பெயரில் மனுப் போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் அவர்கள் நேரில் போய் விசாரிக்கலாம். போன் தொடர்பு விட்டுப்போன சொந்தமாக இருந்தாலும் பரவாயில்லை, இந்தக் காரணத்தை வைத்தாவது பேசுங்கள்.

பெயரில் கவனம். அந்தக் காலத்துச் சிப்பாய்க்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒரே பெயர்தான், சேர்த்த எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முத்துசாமி, மாரிமுத்து, ஆறுமுகம் மாதிரிப் பெயர்கள் ஒரே படையில் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டு இருக்கும். எண்தான் ஆள். அதற்கு அடுத்தபடி அப்பா பெயர், கிராமம், தாலுகா. இவை வீட்டிலேயே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்: தாத்தாவின் பழைய ஐ.சி. (அடையாள அட்டை), குடியுரிமைச் சான்றிதழ், ரயில்வேயில் சேர்ந்தபோது கொடுத்த காகிதம், அம்மாவின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), கல்யாணப் பத்திரிகை, ஊரிலிருந்து வந்த கடித உறைகள். கடித உறையின் பின்பக்கம் எழுதிய அனுப்புநர் முகவரி ஒன்றே கிராமத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். தகரப் பெட்டியின் அடியில் விரித்த பழைய பேப்பரையும் எடுத்துப் பாருங்கள், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டை அங்கே பத்திரப்படுத்திய தாத்தாக்கள் உண்டு.

ரஜுலா கப்பல் கதையும் இங்கே உதவுகிறது. யுத்தம் முடிந்த பிறகு கப்பலில் வந்தார் என்றால், அவரை இந்தியாவுக்குக் கூட்டிப்போய், பெங்களூரில் கணக்கு முடித்து, விடுவித்த பிறகு தானாகவே மலாயாவுக்குத் திரும்பியிருக்கிறார் என்று அர்த்தமாகிறது. சிறைப்பட்டுக் கஷ்டப்பட்ட ஊருக்கே ஏன் திரும்பி வந்தார்? அம்மாச்சியை எப்போது, எங்கே சந்தித்தார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பதில் அதிலேயே இருக்கலாம்.

ஐ.என்.ஏ. தொடர்பான கோப்புகள் புதுடில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அபிலேக் படல் என்ற அவர்களுடைய இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம், நிறைய கோப்புகள் படமாகவே கிடைக்கின்றன. எண்ணும் ஊரும் கையில் இல்லாமல் அதற்குள் நுழைய வேண்டாம். ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள், ஆசையில் அவர்களில் ஒருவரைத் தாத்தாவாக்கிக்கொள்ளத் தோன்றும், அப்படி ஒட்டிக்கொண்ட கதையைப் பிறகு வீட்டிலிருந்து பிரிக்கவே முடியாது.

நாலாவது பதக்கத்துக்கு எனக்கு இன்னொரு படம் வேண்டும். பொதுச் சேவைப் பதக்கத்தில் பெயர் பின்பக்கத்தில் இருக்காது, விளிம்பைச் சுற்றி இருக்கும். பதக்கத்தை ஒரு துணிமேல் நிறுத்திவைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி ஆறேழு படம் எடுங்கள். வெளிச்சம் நேரே விழுந்தால் எழுத்து தெரியாது, சாய்வாக விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் விழும். நட்சத்திரங்களின் பின்பக்கத்தையும் இதே மாதிரி மறுபடி எடுங்கள்.

விளிம்பில் வரும் எழுத்தைப் பொறுத்து மூன்று வழி. போலீஸ் என்று இருந்தால் அவர் தோட்டங்களையும் சுரங்கங்களையும் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகவோ நிரந்தரப் போலீஸாகவோ இருந்திருப்பார், போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானுக்கு எழுத வேண்டும். மலாயாவின் சொந்த ராணுவப் பிரிவு என்றால் ராணுவ வீரர் விவகார இலாகா, அதாவது ஜே.எச்.இ.வி. பிரிட்டிஷ் பிரிவின் பெயர் இருந்தால், அவர்கள் இங்கேயே ஆள் எடுத்து மலாயன் அதர் ரேங்க்ஸ் என்று வைத்திருந்தார்கள், அந்த வழியாகத் திரும்பவும் சாப்பராகவே வேலை பார்த்திருக்கலாம், அப்போதுதான் பிரிட்டனில் கேட்க வேண்டும். எண் நிச்சயமாக நட்சத்திரத்து எண்ணிலிருந்து வேறாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேறு சம்பளக்காரன், வேறு எண். பெயர் மட்டும் ஒத்துப்போக வேண்டும். பெயரே வேறாக இருந்தால், அது தாத்தாவின் தம்பியுடையதோ நண்பருடையதோ ஆகலாம், அதையும் உடனே எனக்குச் சொல்லுங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடிய இன்னொன்று, சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய பத்திரிகைகள். போருக்கு முன்னும் பின்னும் வந்த ஆங்கிலப் பத்திரிகைகளும் தமிழ் முரசும் அங்கே தேடக் கிடைக்கின்றன. அவசர காலத்தில் போலீஸாருக்குப் பதக்கம் வழங்கிய விழாச் செய்தி, செந்தூல் ரயில்வே செய்தி என்று எதில் அவர் பெயர் இருக்கும் என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பதக்கங்களில் வீரச் செயல், சிறப்புச் சேவை மாதிரியானவற்றுக்கான விருதுகள்தான் அதில் வரும். உங்கள் தாத்தாவின் நாலும் களத்தில் சேவை செய்ததற்கான பதக்கங்கள், அந்தக் காலத்தில் அந்த இடத்தில் இருந்து கடமை செய்த எல்லாருக்கும் உரியவை. குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். அந்தப் பின்வாங்கலில் இருந்து உயிரோடு வந்து, மறுபடியும் சீருடை போட்டு, பிறகு வருஷக்கணக்காக வாய் திறக்காமல் பட்டறைக்குப் போய்வந்த மனிதர் அவர்.

அவரோடு வந்து திரும்பாதவர்களின் பெயர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். தைப்பிங்கில், புக்கிட் லாருட்டுக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் அந்தக் கல்லறை இருக்கிறது, ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், எதிர்ப்பக்கம் நம் பக்கத்துச் சிப்பாய்கள், கல்லறை முழுவதிலும் 500-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயரே தெரியாது. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவர்களில் இருக்கின்றன. கம்பெனி தெரிந்த பிறகு போனால், அந்தப் பெயர்களில் தாத்தாவின் கூட்டாளிகள் யார் என்று தெரிந்து பார்க்கலாம்.

பணம் பற்றிக் கேட்டீர்கள், வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்திய அரசின் சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷன் ஐ.என்.ஏ.காரர்களுக்கும் உண்டு, ஆனால் அது அவருக்கும், அவருக்குப் பின் மனைவிக்கும், திருமணமாகாத மகள்களுக்கும், பெற்றோருக்கும்தான், பேரப்பிள்ளைகளுக்குக் கிடையாது. இந்தத் தேடலைப் பணத்துக்காகச் செய்யாதீர்கள், வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவர்களிடம் ஐ.சி. நகலைக் கூடக் கொடுக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு நட்சத்திரத்தில் பெயரே இல்லை என்றால் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாத்தா உள்ளூர்த் தன்னார்வப் படைகளில், பினாங்கு வாலண்டியராகவோ கோலாலம்பூர்ப் பக்கம் எஃப்.எம்.எஸ். (கூட்டு மலாய் மாநிலங்கள்) வாலண்டியராகவோ இருந்திருக்கலாம், அவர்களுக்குப் பெயர் பொறிக்காத நட்சத்திரம்தான் கிடைத்தது. அப்படிப்பட்ட குடும்பங்கள் பிரிட்டனில் இருக்கும் மலாயன் வாலண்டியர்ஸ் குரூப் தொகுத்திருக்கும் பெயர்ப் பட்டியல்களிலிருந்து தொடங்கலாம்.

வீட்டில் பதக்கமே இல்லாதவர்கள்தான் நம்மில் அதிகம். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள், 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது அவர்களில் பெரும் பகுதி காட்டிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களுக்கு எண் கிடையாது, நட்சத்திரம் கிடையாது, தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாக நிற்கும் போர்க்கைதிகளின் கல்லறைகள் மாதிரி ஆளுக்கொரு பெயர்க்கல்லும் கிடையாது. அந்தக் குடும்பங்கள் கோலாலம்பூர் ஆர்க்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் கோப்புகளையும் தொழிலாளர் இலாகாக் கோப்புகளையும் தோட்டத்தின் பெயரை வைத்துத் தேட வேண்டும். ஆள் பெயர் வராவிட்டாலும் தோட்டத்தின் பெயர் வரும். அந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எழுதிவைத்த காகிதம் இருந்தால் அது எனக்கு எந்தப் பதக்கத்தையும் விடப் பெரிது. இதைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள், தனியாகவே பதில் எழுதுகிறேன்.

சகோதரி, பெங்களூருக்கு எழுதும் கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் வரியில் எண், சாப்பர், பெயர். அடுத்து அப்பா பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம். 1941–42-இல் மலாயாவில் இருந்தவர், 1945-க்குப் பிறகு விடுவிக்கப்பட்டவர் என்று நினைக்கிறோம் என்று ஒரு வரி. கேட்க வேண்டியது மூன்று: லாங் ரோல் பதிவின் நகல், இருந்த கம்பெனியின் எண், விடுவித்த தேதியும் காரணமும். அந்தக் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்களோ அதை வைத்துத்தான் அம்மாச்சி சொன்னதை நாம் சரிபார்க்க முடியும், அதனால் அதை விட்டுவிடாதீர்கள். கூடவே தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஐ.சி. நகல், பதக்கத்தின் படம். கையெழுத்தை அம்மா போடட்டும், மகள் என்ற முறையில் அவருக்குத்தான் நெருங்கிய உரிமை. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வர மாதங்கள் ஆகும், அதற்குள் விளிம்புப் படங்களை எனக்கு அனுப்பிவிடுங்கள், நாலாவது பதக்கத்தை நாம் இங்கேயே தொடங்கிவிடலாம்.